பிளேட்லெட் குறைந்தால் டெங்கு மட்டும்தானா?

கேள்வி, 2024 மார்ச் 2

அம்மாவுக்கு 54 வயது. பத்து வருடமாகச் சீனி வருத்தம். போன கிழமை சிறுநீரகக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது ஈரலில் கொழுப்பு, கிரேட் 2 என்று எழுதியிருந்தது. டொக்டர் "இது இப்ப எல்லாருக்கும் இருக்கு, எண்ணெயைக் குறையுங்கோ" என்று அனுப்பிவிட்டார். ஈரலுக்கு எடுக்கும் இரத்தப் பரிசோதனை எஸ்.ஜி.பி.டி. சரியாகத்தான் இருக்கிறது. அம்மா குடிப்பவர் இல்லை, செங்கமாரியும் வந்ததில்லை. இதற்குப் போய் ஈரல் நிபுணரைப் பார்க்க வேண்டுமா? வெள்ளவத்தையில் இருக்கிறோம்.

2024 மார்ச் 3, ஞாயிறு காலை

அம்மாவின் கடைசி இரத்த ரிப்போர்ட்டில் பிளேட்லெட் (இரத்தத்தை உறைய வைக்கும் சின்ன அணுக்கள்) எத்தனை? முதலில் அதைப் பாருங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

என் அப்பாவும் குடித்தவர் இல்லை. கல்யாண வீட்டில்கூட சோடாதான். அவருடைய ஈரல் சுருங்கிப்போனது எங்களுக்குத் தெரியவந்தது 2022 செப்டெம்பரில், இரத்தமாக வாந்தி எடுத்த இரவில். 1990க்கு அடித்தோம், சுவசெரிய அம்புலன்ஸ் வந்தது. அடுத்த நாள் எண்டொஸ்கோப்பி செய்து, உணவுக்குழாயின் அடிப்பக்கத்தில் புடைத்து வெடித்திருந்த இரத்த நாளங்களை ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள்.

அந்த வார்டில் ஒரு சின்ன டொக்டர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். ஈரல் தழும்பேறி இறுகினால் அதற்குள் போக வேண்டிய இரத்தம் போக இடமில்லாமல் பக்கத்து நாளங்களில் ஏறுகிறது. மண்ணீரலிலும் தேங்குகிறது. மண்ணீரல் பெருத்து பிளேட்லெட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இரத்தத்தில் எண்ணிக்கை குறைகிறது. கண் மஞ்சளாவதற்கும் வயிறு வீங்குவதற்கும் வருடக்கணக்கில் முன்பே இது தொடங்கிவிடலாம்.

கொழும்பில் பிளேட்லெட் குறைவு என்றால் எல்லார் வாயிலும் வருவது டெங்கு. எங்கள் வாயிலும் அதுதான் வந்தது. பப்பாசி இலை அரைத்துச் சாறு கொடுத்தோம். காய்ச்சலே இல்லாத மனிதருக்கு.

அப்பாவின் எஸ்.ஜி.பி.டி.யும் கூடித்தான் இருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.

2024 மார்ச் 3, இரவு

ஈரல் தழும்பேறியிருக்குமா என்று பார்க்கும் கணக்கைப் பலர் கேட்டதால் எழுதுகிறேன். ஃபிப்-4 என்று பெயர். நாலு விஷயம் போதும்: வயது, ஈரல் பரிசோதனை எண்களான ஏ.எஸ்.டி. (சில ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.ஓ.டி.), ஏ.எல்.டி. (எஸ்.ஜி.பி.டி.), பிளேட்லெட். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்குங்கள். அது மேலே. பிளேட்லெட்டை (162,000 என்றால் 162) ஏ.எல்.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். அது கீழே. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகுத்தால் வருவதுதான் எண்.

1.3க்குக் கீழே வந்தால் கடுமையான தழும்பு இருக்க வாய்ப்புக் குறைவு. 2.67ஐத் தாண்டினால் நிபுணரிடம் போக வேண்டும். இடையில் வந்தால் ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் மாதிரி இன்னொரு பரிசோதனை. இந்த எண் மட்டும் வருத்தத்தைச் சொல்லிவிடாது. யாரை மேலே அனுப்ப வேண்டும் என்று சலித்தெடுக்கிற அரிதட்டு மாதிரி.

காய்ச்சல் நேரத்து ரிப்போர்ட்டை வைத்து இதைப் போடாதீர்கள். டெங்குவில் பிளேட்லெட் விழும், ஏ.எஸ்.டி. ஏறும், எண் எங்கேயோ போய் நிற்கும். சுகமாகிச் சில கிழமை கழித்து எடுத்த ரிப்போர்ட் வேண்டும்.

2024 மார்ச் 5

திருத்தம். அப்பாவின் எஸ்.ஜி.பி.டி. கூடியிருந்தது என்று எழுதினேன். நேற்று அலுமாரியில் இருந்து ஃபைலை எடுத்துப் பார்த்தேன், அது பிழை. இரண்டு ரிப்போர்ட்டில் அது 36. நட்சத்திரக் குறிகூட இல்லை. அதனால்தான் ஒவ்வொரு முறையும் "ஈரல் நல்லா இருக்கு" என்று கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறோம். தழும்பேறிய ஈரலிலும் இந்த எண் ஒழுங்காக இருக்கலாம் என்று எங்களுக்குத் தெரியாது.

மூன்று ரிப்போர்ட்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மூன்றும் மூன்று லாப். ஒன்று நீலத் தாள், ஒன்று வெள்ளை, ஒன்று கடையில் எடுத்த போட்டோ பிரதி.

2019 நவம்பர், கண் ஒப்பரேஷனுக்கு முன்பு எடுத்தது. வயது 55, ஏ.எஸ்.டி. 44, ஏ.எல்.டி. 36, பிளேட்லெட் 162. கணக்குப் போட்டால் 2.49.

2021 மார்ச். வயது 56, ஏ.எஸ்.டி. 51, ஏ.எல்.டி. 36, பிளேட்லெட் 131. எண் 3.63.

2022 ஜூன். வயது 57, ஏ.எஸ்.டி. 63, ஏ.எல்.டி. 49, பிளேட்லெட் 112. எண் 4.58.

இரத்த வாந்தி அதற்கு மூன்று மாதம் கழித்து.

2019இல் ஒரு ஃபைப்ரோஸ்கேன் எடுத்திருக்கலாம். 2021இல் நிபுணரிடம் போயிருக்கலாம். புடைத்த நாளங்களை வெடிக்க முதலே கண்டிருந்தால் புரோப்ரனோலோல் போன்ற மாத்திரையோ வளையமோ கொடுத்து வைத்திருப்பார்கள். இதைத் தட்டச்சு செய்யக் கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். உங்கள் வீட்டு அலுமாரியிலும் இப்படி மூன்று தாள் இருக்கலாம்.

2024 மார்ச் 6

"மூன்று வருடம் பார்த்த டொக்டர் மேல் வழக்குப் போடுங்கோ" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார்.

தம்பி, மூன்று வருடம் பார்த்த டொக்டர் என்று ஒருவர் இருந்திருந்தால் தானே? கண்ணுக்கு ஒருவரைச் சனல் பண்ணினோம், அதாவது தனியாரில் காசு கட்டிப் பார்த்தோம். அரிப்பு என்று தோல் நிபுணர். வயிறு ஊதுகிறது என்று இன்னொருவர். சீனிக்கு ஒழுங்கையின் முனையில் இருக்கும் டிஸ்பென்சரி. இங்கே யாருடைய கடிதமும் இல்லாமல் எந்த நிபுணரையும் காசு கட்டிப் பார்க்கலாம். அது வசதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எந்த நிபுணர் என்று தீர்மானித்தது நாங்கள், அதுவும் வருத்தம் எங்கே தெரிகிறது என்பதை வைத்து. ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள்தான் போனது. 162ஐப் பார்த்தவர் 131ஐப் பார்க்கவில்லை. 162ஐத் தனியாகப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது, 150க்கு மேலே என்றால் சரி என்றுதான் தாளிலேயே அச்சடித்திருக்கிறது.

ஒருவர் மேல் மட்டும் எனக்கு இன்னும் கோபம் உண்டு. 2022 ஜூன் ரிப்போர்ட்டைப் பார்த்தவர். டெங்கு அன்டிஜன் இல்லை, காய்ச்சல் இல்லை, 112. "வைரஸ் ஏதாவதா இருக்கும், இரண்டு கிழமையால திருப்பி எடுங்கோ" என்றார். அந்த இரண்டு கிழமை பெற்றோல் வரிசைக் காலம். முச்சக்கரவண்டி கிடைக்கவில்லை, அப்பாவும் "இப்ப நல்லாத்தானே இருக்கிறன்" என்றார், நாங்களும் விட்டுவிட்டோம். திருப்பி எடுக்கச் சொன்னது சரிதான் என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. எடுக்காதது நாங்கள். நேற்று இரவு வரை இதை இப்படி யோசித்ததில்லை.

2024 மார்ச் 9

வத்தளையிலிருந்து எழுதிய அண்ணா சொல்வது நியாயம். ஈரலில் கொழுப்பு இருக்கிற எல்லாரும் நிபுணரிடம் போனால் கிளினிக் தாங்காது. ராகமையில் 2007இல் 35 முதல் 64 வயது வரை உள்ளவர்களைப் பரிசோதித்த ஆய்வில், குடியால் வராத கொழுப்பு ஈரல் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருந்தது. அத்தனை பேருக்கும் ஈரல் சுருங்காது, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுமே ஆகாது. அந்தப் பெரிய கூட்டத்துக்குள் யாருடைய ஈரல் தழும்பேறுகிறது என்று பிரிப்பதற்குத்தான் அரிதட்டு. அதுவும் சீனி உள்ளவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஸ்கேனில் போடுகிற கிரேட் 1, 2, 3 எல்லாம் கொழுப்பின் அளவு. தழும்பைச் சொல்லாது. தழும்பு கூடக்கூட கொழுப்புக் குறைந்துபோவதும் உண்டு. அப்பாவின் கடைசி ஸ்கேனில் கொழுப்பு என்ற சொல்லே இல்லை, நாங்கள் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

2024 மார்ச் 10

இன்னொரு திருத்தம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஃபிப்-4இன் கீழ் எல்லை 1.3 இல்லை, 2. வயதைப் பெருக்குவதால் முதியவர்களுக்கு எண் சும்மாவே ஏறிவிடும். 35க்குக் கீழேயும் இந்தக் கணக்கு நம்பகமில்லை. எனக்கு 34, போட்டுப் பார்த்தேன், நல்ல எண் வந்தது, அதற்கு அர்த்தமில்லை என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள்.

2024 மார்ச் 13

கடிதம் பற்றி. அரசாங்க ஆஸ்பத்திரியின் நிபுணர் கிளினிக்குக்கு வெளியே இருந்து போவதானால் கையில் ஒரு கடிதம் வேண்டும். ஓ.பி.டி.யிலோ (வெளிநோயாளர் பிரிவு) உங்கள் டொக்டரிடமோ எடுக்கலாம். தனியாரில் ஒருமுறை சனல் பண்ணி, அதே நிபுணரிடம் அவர் வேலை செய்யும் அரசாங்கக் கிளினிக்குக்குக் கடிதம் கேட்பவர்களும் நிறைய. நாங்கள் பிறகு அப்படித்தான் செய்தோம். மாதா மாதம் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன், இடையிடையே எண்டொஸ்கோப்பி, இவ்வளவையும் கைக்காசில் செய்ய எங்களால் முடியாது.

கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வாங்கும்போதே வாசியுங்கள். 2022 தொடக்கத்தில் அப்பாவுக்குக் கிடைத்த கடிதத்தில் ஒரே வரிதான் இருந்தது: கேஸ்ட்ரைட்டிஸ் (இரைப்பை அழற்சி), பார்க்கவும். எப்படி அப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். நான் கூடப் போகவில்லை. அப்பாவுக்குக் கடைச் சிங்களம் நன்றாக வரும், விலை பேசுவார், வருத்தம் சொல்லத் தெரியாது. வயிறு பொருமுகிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்பதை "காஸ்" என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டு வந்தார். காஸ் என்று சொன்னால் அமிலத்தைக் குறைக்கும் ஒமேப்ரசோல். ஆறு மாதம் குடித்தார்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இது. டொக்டரிடம் "இவருக்குச் சீனி, பிளேட்லெட் இரண்டு வருடமாகக் குறைந்துகொண்டே வருகிறது, ஃபிப்-4 இத்தனை, ஈரல் தழும்பு இருக்கிறதா என்று பார்க்கவும் என எழுதித் தருவீர்களா" என்று கேளுங்கள். கோபிப்பார்கள் என்று பயந்தேன். நான் கேட்டவர் தாளை வாங்கி, தன் போனில் கணக்கைத் தானே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அப்படியே எழுதித் தந்தார்.

2024 மார்ச் 13, பின்னேரம்

மேலே சொன்னது நிதானமாகப் போகக்கூடியவர்களுக்கு. இரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுப்பாக மலம், திடீரென்று வயிறு வீங்குதல், கண் மஞ்சள், ஆள் தடுமாறிப் பேசுதல் இவற்றுக்குக் கடிதம் தேடாதீர்கள். நேரே அவசர சிகிச்சைப் பிரிவு. இரும்புச்சத்து மாத்திரை குடித்தாலும் மலம் கறுக்கும், அதையும் அங்கே சொல்லுங்கள்.

2024 மார்ச் 24, போயா

தடுமாற்றம் என்றால் என்ன என்று ஒரு அக்கா கேட்டிருக்கிறார். இதை எழுதப் பல நாள் தள்ளிப்போட்டேன்.

அப்பா புறக்கோட்டையில் ஒரு புடவைக்கடையில் முப்பது வருடம் கணக்கு எழுதியவர். அவருடைய 7 நடுவில் ஒரு குறுக்குக் கோட்டோடு, கோடு போட்ட தாளில் அடிவரியைத் தொட்டுக்கொண்டு நிற்கும். 2022 ஜூலையில் வீட்டுச் செலவுக் கொப்பியில் அந்த 7 கோட்டுக்குக் கீழே இறங்கத் தொடங்கியது. ஓகஸ்ட்டில் கூட்டல் பிழை வந்தது. தன் கையெழுத்தைத் தானே இரண்டு முறை அடித்து எழுதியிருந்தார், வங்கியில் காசோலை திரும்பியது. இரவு முழுக்க முழித்திருந்து கதிரையை இழுத்து ஜன்னலோரம் வைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்ப்பார், பகலில் சோற்றுக்கு முன்னால் தூங்குவார். "வயசு போகுது, வேலை விட்ட கவலை" என்று அம்மா சொன்னார், நானும் நம்பினேன்.

ஈரல் சுத்திகரிக்க வேண்டிய அமோனியா போன்றவை மூளைக்குப் போவதால் வருவது அது. இரவும் பகலும் தலைகீழாவது அதன் ஆரம்ப அடையாளங்களில் ஒன்று. வார்டில் டொக்டர் அப்பாவிடம் "காலி வீதியில 100 பஸ்ஸை மறிக்கிற மாதிரி இரண்டு கையையும் நீட்டுங்கோ" என்றார். அப்பா நீட்டினார். உள்ளங்கை இரண்டும் சின்னப் பறவை சிறகடிப்பது போல முன்னால் விழுந்து விழுந்து எழும்பின. டொக்டர் ஒன்றும் சொல்லாமல் தாளில் எழுதினார். லாக்டுலோஸ் பாணி தொடங்கி நாலாம் நாள் காலையில் அப்பா என்னிடம் முதலில் கேட்டது, காசோலை திரும்பியதற்கு வங்கி எவ்வளவு வெட்டியது என்று.

அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. செப்டெம்பர் பக்கம் வெறுமை. ஒக்டோபர் 20இல் இருந்து 7 மறுபடி கோட்டின் மேல் நிற்கிறது.

2024 மார்ச் 26

சின்னச் சின்னக் கேள்விகளுக்கு.

பனடோல் கூடவே கூடாதா என்றால், அப்பாவுக்குச் சொன்னது ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை நாலுக்கு மேல் போகாமல். முழங்கால் வலிக்குப் பாமசியில் வாங்கும் டைக்ளோஃபெனாக் வகைதான் வேண்டவே வேண்டாம் என்றார்கள். அது சிறுநீரகத்தையும் பிடிக்கும், இரத்தக் கசிவையும் கூட்டும்.

கசாயம். அப்பா சீனிக்கென்று எட்டு மாதம் ஒரு கசாயம் குடித்தார், டொக்டரிடம் சொல்லவில்லை. அதுதான் கெடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மூலிகைகளாலும் ஈரல் கெடலாம், என்ன குடிக்கிறீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், போத்தலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

உப்பு. வயிற்றில் நீர் சேர்ந்ததால் அப்பாவுக்கு உப்பைக் குறைத்தார்கள். கறியில் குறைப்பது சுலபம். யாழ்ப்பாணத்தில் இருந்து பெரியப்பா அனுப்பும் மோர்மிளகாயும் கருவாடும்தான் பெரும்பாடு. புரதத்தைக் குறைக்காதீர்கள், மீன், முட்டை, பருப்பு கட்டாயம், படுக்கப்போக முன் ஏதாவது சாப்பிட வேண்டும் என்றார்கள். ஊரில் ஈரல் வருத்தம் என்றால் கஞ்சியோடு விடுவோம், அப்படிச் செய்தால் தசை உருகி ஆள் இன்னும் நலிந்துபோவார்.

2024 ஏப்ரல் 2

கேள்வி வேறு பக்கம் போய்விட்டது, இருந்தாலும் அவசரம். மட்டக்குளியில் பிள்ளைக்கு 19 நாள், இன்னும் மஞ்சள், வீட்டில் காலை வெயிலில் காட்டச் சொல்கிறார்கள் என்று எழுதிய தங்கச்சிக்கு: 14 நாள் தாண்டியும் மஞ்சள் போகவில்லை என்றால் வெயிலோடு நிற்காதீர்கள். மஞ்சளுக்குக் காரணமான பிலிருபினைப் பிரித்துப் பார்க்கும் பரிசோதனை வேண்டும், நேரடி பிலிருபின் எத்தனை என்று கேளுங்கள். மலத்தின் நிறத்தை இன்றைக்கே பாருங்கள். மஞ்சளோ பச்சையோ என்றால் ஆறுதல். சுண்ணாம்பு மாதிரி, களிமண் மாதிரி வெளிறிப்போய், சிறுநீர் கடும் மஞ்சளாகத் துணியில் கறை பிடித்தால் நாளைக்கு என்று தள்ளக்கூடாது. பித்தக்குழாய் அடைபட்ட பிள்ளைகளுக்கு ஒரு சத்திரசிகிச்சை உண்டு, கசாய் என்று பெயர். 60 நாளுக்கு முன்பு செய்தால் பலன் அதிகம், நாள் போகப்போகக் குறையும். பொரளைச் சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போகலாம். மிட்வைஃப் வீட்டுக்கு வரும்போது அந்த நப்கினை எறியாமல் காட்டுங்கள்.

2024 ஏப்ரல் 4

மட்டக்குளிப் பிள்ளைக்கு நேரடி பிலிருபின் குறைவு, மலம் மஞ்சள். தாய்ப்பாலால் வரும் மஞ்சளாக இருக்கும் என்று, தொடர்ந்து பால் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாடா.

2024 ஏப்ரல் 20

முதல் கேள்வி கேட்ட தங்கச்சி வருடப்பிறப்புக்குப் பிறகு அம்மாவின் புது ரிப்போர்ட்டை எழுதியிருக்கிறார். ஏ.எஸ்.டி. 28, ஏ.எல்.டி. 25, பிளேட்லெட் 196. 54ஐ 28ஆல் பெருக்கினால் 1512. 196ஐ 5ஆல் பெருக்கினால் 980. 1.54 வருகிறது. இடைப்பட்ட எண். ஃபைப்ரோஸ்கேன் எடுத்துப் பாருங்கள். மூன்று மணி நேரமாவது வெறும் வயிறாகப் போக வேண்டும், சாப்பிட்டுவிட்டுப் போனால் எண் கூட்டிக் காட்டும். ஊசி இல்லை, வலி இல்லை. விலாவின் மேல் தட்டுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

2024 மே 11

அம்மாவின் ஃபைப்ரோஸ்கேன் 6.2 கிலோபாஸ்கல். 8க்குக் கீழே. மிகவும் சந்தோஷம் தங்கச்சி. உங்கள் முதல் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம்: அம்மா இப்போதைக்கு ஈரல் நிபுணரிடம் போகத் தேவையில்லை. சீனியைக் கட்டுப்படுத்துவதும் எடையைக் குறைப்பதும்தான் வேலை. நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை எடை இறங்கினால் ஈரல் தன்னைத்தானே நன்றாகத் தேற்றிக்கொள்ளும். ஒன்று இரண்டு வருடத்துக்குள் கணக்கைத் திரும்பப் போடுங்கள். அந்த டொக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்னது பிழையில்லை, கணக்கைப் போட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

எல்லா ரிப்போர்ட்டையும் ஒரே ஃபைலில், பழையது அடியில், புதியது மேலே வையுங்கள். முதல் பக்கத்தில் திகதி, ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி., பிளேட்லெட் மட்டும் கையால் எழுதி ஒட்டுங்கள். எங்கள் ஃபைலில் அந்தப் பக்கத்தை அப்பா எழுதுகிறார்.

2024 மே 28

அப்பாவின் ஆறு மாத ஸ்கேன் இன்று. ஈரல் சுருங்கியவர்களுக்குப் புற்று வருகிறதா என்று பார்ப்பதற்கு. கட்டி ஒன்றும் இல்லை. வயிற்றில் நீர் இல்லை. பிளேட்லெட் 97. அடுத்தது நவம்பர் 27, புதன்கிழமை. அப்பா திகதியை எழுதிவிட்டார், 7க்குக் கோடு போட்டு.